வடக்கு, தெற்கு என்று அட்டவணை போடாதீர்கள்

குடிமைப்பணித் தேர்வுக்கு உலக வரலாறு எழுதிப் பழகுகிறவர்களின் விடைத்தாள்களைத் திருத்துவது என் வேலை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி அமெரிக்கா வந்தாலே அதே வாக்கியங்கள் அதே வரிசையில் வந்து நிற்கின்றன. ஒரு காலத்தில் நானும் எழுதியவைதான்; அதனால் எங்கே போய் முட்டும் என்று தெரியும். ஆண்டை மாற்றி எழுதுவது, அமெரிக்காவில் நூற்பாலைகளைத் தொடங்கிவைத்த ஸ்லேட்டரையும் லோவலையும் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். இரண்டாம் முறை படித்தால் அவை சரியாகிவிடும்.

ரயிலை அவசரப்பட்டு ஓடவிடுவது

போக்குவரத்து என்றதும் பேனா ரயிலுக்குத் தாவுகிறது. 1830இல் பால்டிமோர்–ஓஹையோ பாதையில் பயணிகள் போகத் தொடங்கியபோது அதன் நீளம் 13 மைல். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1825இல், ஆல்பனியையும் பஃபலோவையும் இணைத்து 363 மைல் நீள ஈரி கால்வாய் முழுதாகத் திறக்கப்பட்டுவிட்டது. ஆழம் நான்கடி. கரையோரம் நடந்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் படகுகளை இழுத்தன. அந்த நடை வேகத்திலேயே, பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கு அனுப்ப ஆன சுமார் 100 டாலர் செலவு 10 டாலருக்கும் கீழே இறங்கியது. மேற்கின் கோதுமை கிழக்கே வந்தது. கிழக்கின் துணியும் கருவிகளும் மேற்கே போயின.

ரயில் பாதை 1840இல் சுமார் 3,000 மைல், 1860இல் சுமார் 30,000 மைல். மிசிசிப்பி ஆற்றில் நியூ ஆர்லியன்ஸ் நோக்கிப் போன மேற்குத் தானியத்தைக் கிழக்குத் துறைமுகங்களுக்குத் திருப்பியதில் ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதை 1850களுக்கான பகுதியில் எழுதுங்கள்.

வடக்கில் ஆலை, தெற்கில் வயல், நடுவில் ஒரு கோடு

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். மதிப்பெண்ணை அதிகம் தின்பதும் இதுதான். அளவுகோல் வைத்து நேராகக் கோடு போட்டு, இடப்பக்கம் 'தொழில், நகரம், முன்னேற்றம்', வலப்பக்கம் 'விவசாயம், அடிமைமுறை, தேக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும்.

அப்படி ஓர் அட்டவணை போட்டிருந்த மாணவரிடம், "மாசசூசெட்ஸ் ஆலைகளுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இறக்குமதி செய்திருப்பார்கள், சார்" என்றார். வலப்பக்கக் கட்டத்தில் 'பருத்தி' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார்! கோட்டைத் தாண்டிக் கண் போகவில்லை.

பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் எலி விட்னியின் ஜின்னிங் இயந்திரம் 1793இல் வந்தது. கொட்டையோடு ஒட்டிக்கொண்டு எளிதில் பிரியாத குட்டை இழைப் பருத்தி அதன் பிறகுதான் தெற்கின் உள்நாட்டுப் பகுதிகளில் லாபப் பயிரானது. 1790இல் சில ஆயிரம் பேல்களாக (அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதிகளாக) இருந்த விளைச்சல் 1860இல் சுமார் 40 லட்சம் பேல். அதே காலத்தில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் தொகை சுமார் 7 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 40 லட்சமானது. 1808இல் வெளிநாட்டு அடிமை இறக்குமதி தடைசெய்யப்பட்ட பிறகும் உள்நாட்டுச் சந்தை தீயாக நடந்தது. வர்ஜீனியா, மேரிலாந்து குடும்பங்களைப் பிரித்து அலபாமாவுக்கும் மிசிசிப்பிக்கும் விற்றார்கள். இதைத் 'தேக்கம்' என்று எழுத எப்படி மனம் வருகிறது?

இப்போது கோட்டின் மறுபக்கம். அந்தப் பருத்தியை லிவர்பூலுக்கு அனுப்பக் கப்பலும் கடனும் காப்பீடும் கொடுத்ததில் நியூயார்க் முன்னணியில் இருந்தது. ரோட் ஐலண்ட் ஆலைகள் தோட்ட அடிமைகளுக்கென்றே முரட்டுத் துணி நெய்து தெற்கே விற்றன. மாசசூசெட்ஸ் அவர்களுக்கு மலிவான செருப்பு தைத்தது. தெற்கிலோ, லூசியானா வங்கிகள் அடிமை மனிதர்களையே ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தன. தறியின் பிரபுக்களும் (வடக்கின் ஆலை முதலாளிகள்) சாட்டையின் பிரபுக்களும் (தெற்கின் அடிமை உரிமையாளர்கள்) கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்று 1848இல் சாடிய சார்லஸ் சம்னர், ஆலைகள் நிறைந்த மாசசூசெட்ஸ்காரர். 1861 ஜனவரியில், தெற்கு மாநிலங்கள் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்துகொண்டிருந்தபோது, நியூயார்க் மேயர் ஃபெர்னாண்டோ வுட் தம் நகரமும் தனியே பிரிந்து வணிகத்தைத் தொடரலாம் என்று யோசனை சொன்னார். இந்த மேயரை அட்டவணையின் எந்தக் கட்டத்தில் அடைப்பீர்கள்?

வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆலையும் நகரமும் கூலித் தொழிலாளரும் வடக்கில் பெருகினார்கள்; தெற்கின் பணம் நிலத்திலும் மனிதர்களிலும் முடங்கியது. அடிமை உழைப்பு ஆலைக்கே ஒவ்வாது என்று அதற்கு ஒரு காரணம் எழுதுவார்கள், அது தவறு. வர்ஜீனியாவில், ரிச்மண்டின் டிரெடகர் இரும்பாலையில் அடிமைகளும் வேலை செய்தார்கள். பருத்தியில் கிடைத்த லாபமே, வேறு எதிலும் முதல் போடத் தேவையில்லாமல் செய்துவிட்டது. ஒரு பகுதியின் வளர்ச்சி மற்றதன் வடிவத்தை எப்படித் தீர்மானித்தது என்பதே கேள்வி. கோடு போட்டவுடன் அந்தக் கேள்வி காணாமல் போகிறது.

லோவல் பெண்களைப் படமாக மட்டும் பார்ப்பது

மாசசூசெட்ஸின் ஆலை நகரமான லோவலுக்கு வேலைக்கு வந்த பண்ணை வீட்டுப் பெண்கள், விடுதி, சுத்தமான உடை என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கூலிக் குறைப்பை எதிர்த்து 1834இலும், விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து 1836இலும் அதே பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னால் அவர்கள் இடத்துக்கு அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் வந்தார்கள்.

தொழில் என்றால் நூற்பாலை மட்டுமே என்பது

மாசசூசெட்ஸ் குளங்களில் பனிக்கட்டி வெட்டி விற்றதும் தொழில்தான். பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடரின் அந்தச் சரக்கைச் சேமிக்கக் கட்டியதுதான் சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

விட்னியின் துப்பாக்கிகள்

ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய உறுப்புகளால் விட்னி துப்பாக்கிகளை விரைவாகச் செய்து குவித்தார் என்று எழுதுகிறார்கள். அரசுக்கு 10,000 துப்பாக்கிகளை இரண்டே ஆண்டில் தருவதாக 1798இல் ஒப்பந்தம். முடித்தது 1809இல்.

தெற்கு பிரிந்ததெல்லாம் சுங்கவரியால்தான் என்பது

1857இல் வரி குறைக்கப்பட்டது. 1860 டிசம்பரில் தென் கரோலினா பிரிந்தது. பிரிவதற்கான காரணங்களை அது அறிக்கையாக வெளியிட்டது; அதில் முன்னே நிற்பது அடிமைமுறைதான். படித்துவிட்டு எழுதுங்கள்.

தெற்கில் ரயிலே இல்லை என்பது

இருந்தது. 1860இல் நாட்டின் பாதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பெரும்பாலும் பருத்தியைத் துறைமுகத்துக்கோ ஆற்றுக்கோ கொண்டுபோகப் போட்டவை. பல பாதைகளில் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 5 அடி. வடக்கில் பரவலாக இருந்ததைவிட மூன்றரை அங்குலம் கூடுதல். 1886இல்தான் அந்தத் தண்டவாளங்களை நெருக்கிப் போட்டார்கள்.