நீளக் கூந்தலில் பஞ்சும் தூசியும்: முதலில் பிரஷ்ஷைக் கழுவுங்கள்

கழுவிக் காயவைத்த முடியில் சாம்பல் நிறத் துணுக்குகள் தெரிந்தால், மறுபடி தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பிரஷ்ஷின் அடியைப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளை விரித்து, வால் சீப்பின் கூர்முனையால் பிரஷ்ஷின் வரிசைகளுக்கு நடுவே கிளறிவிடுங்கள். தாளில் விழுவதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அந்தச் சாம்பல் பஞ்சு வெறும் வீட்டுத் தூசி இல்லை. உதிர்ந்த முடி, தலைத்தோலின் செதில், எண்ணெய்ப் பிசுக்கு, துண்டிலும் தலையணை உறையிலும் இருந்து வந்த பருத்தி இழை எல்லாம் சேர்ந்து அழுந்திய மெத்தை அது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதில் ஒரு பங்கு பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டு வலை மாதிரி நிற்கும். அந்த வலையில் தூசி தங்கும், எண்ணெய் அதை ஒட்டவைக்கும். மெத்தை பற்களின் பாதி உயரத்துக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு வாரலிலும் முடியின் மேல் உரசி, பழைய அழுக்கைத் திரும்பப் பூசிவிடும். எத்தனை முறை ஷாம்பூ போட்டாலும் தீராததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நீள முடியில் இது அதிகமாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பு வரை தொங்கும் கூந்தலின் நுனிக்கு ஐந்தாறு வயது ஆகியிருக்கும். முடியின் மேற்புறச் செதில்கள் வேரில் படிந்தும் நுனியில் தூக்கியும் இருக்கும். தூக்கிய செதிலில் இழை சிக்கினால் தானாக வழுக்கி இறங்காது. அதனால்தான் உச்சந்தலை சுத்தமாக இருக்கும்போதும் பின்னலின் கடைசி ஒரு சாணில் மட்டும் பஞ்சு தங்குகிறது.

பிரஷ்ஷைக் கழுவும் முறை

முதல் வேலை முடியை எடுப்பது. கையால் பிடுங்க வேண்டாம், பல் வளையும். முடிச்சுருளைக் கத்தரிக்கோலால் வரிசைக்கு வரிசை நீளவாக்கில் வெட்டுங்கள். பிறகு குரோஷா ஊசியோ வால் சீப்பின் முனையோ கொண்டு அடியிலிருந்து மேல்நோக்கி நெம்பினால் மெத்தை துண்டு துண்டாகக் கழன்று வரும். இதைக் காய்ந்த நிலையிலேயே செய்யுங்கள். முடியோடு பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டால் பஞ்சு ஊறிப் பசை போலாகிப் பல்லின் அடியில் அப்பிக்கொள்ளும். காய்ந்தபோது இரண்டு நிமிட வேலையாக இருந்தது அப்புறம் அரை மணி நேரம் இழுக்கும்.

அடுத்தது அலசல். முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆன சீப்பு என்றால் வேலை சுலபம். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் ஷாம்பூ கலந்து 15 நிமிடம் ஊறவையுங்கள். தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாக ஏறியிருந்தால் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் சேர்க்கலாம். பழைய டூத் பிரஷ்ஷால் பற்களின் அடியை வட்டமாகத் தேய்த்து, ஓடும் நீரில் அலசுங்கள்.

ரப்பர் மெத்தை வைத்த குஷன் பிரஷ்ஷை ஊறவைக்கவே கூடாது. அந்த ரப்பரில் காற்று போய்வர ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே தண்ணீர் உள்ளே போய்த் தங்கி, சில நாளில் உள்ளே பூசணம் பிடிக்கும். பிரஷ்ஷை அழுத்தினால் புளித்த வாடையோ கறுப்பு நீரோ வந்தால் அதன் காலம் முடிந்தது, தூக்கிப் போடுங்கள். நல்ல நிலையில் உள்ளதை இப்படிக் கழுவலாம்: டூத் பிரஷ்ஷை ஷாம்பூ நீரில் தொட்டு, உதறிவிட்டு, பற்களைத் தேய்க்க வேண்டும். பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டால் நீர் துளைக்குப் போகாமல் கீழே சொட்டும். ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தால் சோப்பு போய்விடும்.

மரச் சீப்புக்கும் பன்றி மயிர் பிரஷ்ஷுக்கும் ஊறலும் ஆகாது, சோடாவும் ஆகாது. மரம் நீர் குடித்து உப்பி, காயும்போது வெடிக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் முடி அதில் மாட்டி அறுந்துவிடும். மரச் சீப்பின் பற்களுக்கு நடுவே ஒரு தடித்த நூலை விட்டு மேலும் கீழும் இழுத்தால் அழுக்கு வந்துவிடும். பிறகு இரண்டு சொட்டு எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசி, ஒரு இரவு விட்டு, காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்ட எண்ணெய் மறுநாளே தூசியைப் பிடிக்கும்.

எந்த பிரஷ்ஷானாலும் பல் கீழே பார்க்கும்படி ஒரு துணியின் மேல் கவிழ்த்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் ரப்பர் வெடிக்கும், பிளாஸ்டிக் நொறுங்கும். குஷன் பிரஷ் முழுதாகக் காய ஒரு நாள் ஆகும். ஆகவே வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கிறவர்கள் வியாழன் காலையிலேயே பிரஷ்ஷைக் கழுவிவிட வேண்டும். குளித்துவிட்டு வந்து பழைய அழுக்கு பிரஷ்ஷால் வாரினால் குளித்ததே வீண். சுற்றிய முடியைத் தினமும் எடுங்கள். தினசரி எண்ணெய் வைப்பவர்களுக்கு வாரம் ஒரு கழுவல் வேண்டும், எண்ணெய் வைக்காதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும்.

முடியில் ஏறிய பஞ்சை எடுப்பது

இங்கே பலரும் செய்வது, பஞ்சைப் பார்த்ததும் தலையை நனைப்பது. பருத்தி இழை நனைந்தால் முடியோடு ஒட்டும். கையால் தேய்க்கத் தேய்க்க உருண்டு சிறு முடிச்சாகிவிடும். முதலில் காய்ந்த நிலையில் எவ்வளவு வருமோ அவ்வளவையும் எடுத்துவிட வேண்டும்.

வாசலிலோ மொட்டை மாடியிலோ நின்று, குனிந்து, முடியை முன்னால் போட்டு, விரல்களை வேரிலிருந்து நுனிக்கு ஓட்டி உதறுங்கள். பிறகு நான்கு பாகமாகப் பிரித்து, அகலப் பல் சீப்பால் நுனியில் ஆரம்பியுங்கள். நுனி நான்கு விரற்கடை சிக்கு எடுத்ததும் இன்னும் நான்கு விரற்கடை மேலே போங்கள். மேலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் வழியில் உள்ள பஞ்செல்லாம் கீழே தள்ளப்பட்டு நுனியில் ஒரே சிடுக்காகச் சேரும். அந்தச் சிடுக்கைப் பிரிக்க முடியாமல்தான் நிறைய பேர் நுனியை வெட்டுகிறார்கள். வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத முடி அது.

சிக்கு எடுத்த பிறகும் பொடித் துணுக்குகள் மிச்சம் இருக்கும். அதற்கு நாங்கள் எப்போதும் பரிந்துரைப்பது இந்த வழி: நைந்த பழைய வேட்டியில் கைக்குட்டை அளவு கிழித்து, பிரஷ்ஷின் பற்கள் அதைத் துளைத்து வெளியே வரும்படி அழுத்துங்கள். துணி பற்களின் அடியில் விரிப்பாக உட்கார்ந்துவிடும். அந்த பிரஷ்ஷால் ஒவ்வொரு பாகத்தையும் மெதுவாக, மெல்லிய அடுக்காகப் பிரித்து வாருங்கள். தூசியும் அதிகப்படி எண்ணெயும் துணியில் ஏறிவிடும். அழுக்குத் தெரிந்ததும் துணியை மாற்றுங்கள். பிரஷ்ஷும் சுத்தமாக இருக்கும் என்பது கூடுதல் லாபம். துணி ரொம்ப நெருக்கமான நெசவாக இருந்தால் பல் துளைக்காது. கிழிந்து இழை பிரியும் துணியாக இருந்தால் அதுவே பஞ்சைச் சேர்க்கும். பலமுறை துவைத்து மெலிந்த வேட்டித் துணிதான் சரி.

துணியில் ஒட்டிய தூசிக்குப் பயன்படுத்தும் ஒட்டும் ரோலரை முடியில் உருட்டாதீர்கள். பசை முடியில் தங்கி, இன்னும் அதிகத் தூசியை வரவழைக்கும்.

கடைசியில்தான் தண்ணீர். ஷாம்பூவைக் கையில் நுரைத்துத் தலைத்தோலில் மட்டும் தேய்த்து, நுரை முடி வழியாக இறங்கட்டும். முடியை உச்சியில் குவித்துக் கசக்கினால் மிச்சமிருந்த இழையெல்லாம் உள்ளே புகுந்துகொள்ளும்.

எங்கிருந்து வருகிறது

தலையணையிலிருந்து தொடங்குவோம். இலவம்பஞ்சு மிக லேசானது, வழுக்கும் தன்மை உள்ளது, பருத்தி போல ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. உள்ளுறையின் நெசவு தளர்ந்தாலோ தையல் விட்டாலோ அது கசிந்து வெளியே வரும். காலையில் வகிட்டிலும் பின்கழுத்திலும் வெள்ளைப் பட்டிழை போல ஒட்டியிருப்பது அதுதான். மேலுறையை மட்டும் மாற்றினால் பலன் இல்லை. நெருக்கமான நெசவுள்ள கெட்டி உள்ளுறை போட்டு, ஓரத்தை இரட்டைத் தையலாக அடியுங்கள். இரவில் தளரப் பின்னிப் படுத்தால் இழை முடிக்குள் புகாமல் மேலோடு நிற்கும்.

புதிய டர்க்கி டவலை இரண்டு மூன்று தடவை துவைக்காமல் தலையில் கட்ட வேண்டாம். அதன் கண்ணிகளில் உள்ள தளர்ந்த இழை முழுவதும் ஈர முடிக்கு வந்துவிடும். நீள முடிக்கு மெல்லிய பருத்தித் துண்டே மேல். அதையும் தேய்க்காமல் சுற்றிப் பிழியுங்கள்.

சீயக்காய், அரப்பு போடுபவர்களுக்கு வரும் ‘தூசி’ பல நேரம் அந்தத் தூளின் திப்பிதான். இரண்டு மேசைக்கரண்டி தூளை ஒரு கப் வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்த நீரை மட்டும் தேய்த்தால் இந்தப் பிரச்சினை அநேகமாக நின்றுவிடும். உப்பு அதிகமான ஆழ்துளைக் கிணற்று நீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் வேறொரு வெள்ளைப் பொடி வரும். நீரிலுள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்து கரையாத படிவாகி முடியில் தங்குவது அது. சோப்பை விட்டு ஷாம்பூவுக்கு மாறுங்கள். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவும். அது முடிக்கு நல்லது. ஊடுருவாமல் மேலே நிற்கிற எண்ணெய்தான் தூசிக்குப் பசை. இரவில் தடவி, காலையில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு வெளியே போங்கள். வண்டியில் போகிறவர்கள் வழிய வழிய எண்ணெய் வைத்துக்கொண்டு முடியை விரித்துப் போனால் சாலைத் தூசி அத்தனையும் உங்களுக்குத்தான். எண்ணெயே இல்லாத முடியும் ஏசி அறையின் வறண்ட காற்றில் நைலான் பல்லோடு உரசி மின்னேற்றம் பெற்று, தூசியை இழுக்கும். மரச் சீப்பும், உள்ளங்கையில் பரப்பிய இரண்டு சொட்டு எண்ணெயும் போதும்.

பூ வைத்தால் படுக்கும் முன் எடுத்துவிடுங்கள். காய்ந்த மல்லிகை இதழ் பொடியாகிவிடும், கட்டிய நூலோ நாரோ பின்னலுக்குள் அறுந்து கிடக்கும்.

பஞ்சாலையிலும் பனியன் கம்பெனியிலும் வேலை பார்ப்பவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. ஓவர்லாக் மெஷின் அருகே உட்கார்ந்தால் அறுபடும் துணி ஓரத்தின் பொடிப்பஞ்சு நாள் முழுக்கப் பறந்துகொண்டே இருக்கும். வேலைக்குப் போகும் முன் எண்ணெய் வேண்டாம். இறுக்கிப் பின்னி, கொண்டையாகச் சுருட்டி, காதுக்குப் பின்புறமும் கழுத்தும் மூடும்படி நெருக்கமான நெசவுள்ள தொப்பியோ துணியோ கட்டுங்கள். தொப்பியைக் கழற்றும்போது வெளியே குனிந்து, உட்புறம் வெளியே வரும்படி மடித்து எடுத்தால் மேலே படிந்த பஞ்சு தலையில் கொட்டாது. மெஷின் சுத்தம் செய்யும் காற்றுக் குழாயைத் தலையில் பிடித்து ஊதவே கூடாது. அந்த அழுத்தம் கண்ணுக்கும் காதுக்கும் ஆபத்து, பஞ்சும் மூக்கில் ஏறும். மெஷின் பக்கம் போகிறவர்களுக்குத் தொங்கும் பின்னல் உயிருக்கே ஆபத்து என்பதையும் மறக்க வேண்டாம்.

பஞ்சா, ஈரா?

குழந்தைகள் தலையில் இந்தச் சந்தேகம் அடிக்கடி வரும். இரண்டு விரலால் பிடித்து நுனிப் பக்கம் இழுத்துப் பாருங்கள். பஞ்சும் பொடுகும் வழுக்கி வந்துவிடும். ஈர் ஒரே ஒரு முடியில், ஒரு பக்கமாக, பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கும், நகத்தால் கிள்ளி இழுத்தால்தான் வரும். உயிருள்ள ஈர் காதுக்குப் பின்னாலும் பின்கழுத்திலும், தலைத்தோலை ஒட்டினாற்போல இருக்கும். ஈர்தான் என்றால் பேன் சீப்பு வேலை தனி. அப்போது சீப்புகளை 55 டிகிரிக்கு மேல் சூடான நீரில் 10 நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். கொதித்த நீர் ஒரு பங்கு, குழாய் நீர் ஒரு பங்கு கலந்தால் அந்தச் சூடு கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் தனிச் சீப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவிய பிரஷ்ஷைத் திரும்ப எடுத்து வைக்கும் முன் பல் நுனிகளை உள்ளங்கையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நுனிக் குமிழ் உதிர்ந்த பல் ஊசி போலக் குத்தும். அது தலைத்தோலைக் கீறி, செதிலை அதிகமாக்கி, அந்தச் செதிலே மறுபடி பிரஷ்ஷின் அடியில் சேரும். ஒன்றிரண்டு என்றால் அந்தப் பல்லை இடுக்கியால் பிடுங்கிவிடலாம், ஒரு வரிசையே போயிருந்தால் புதுசு வாங்குங்கள்.