கனெக்டிங் ராட் போல்ட் மாற்றும் முறை: டார்க் மட்டும் போதாது, நீட்சியை அளங்கள்

பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைப்பது கனெக்டிங் ராட். அந்த ராட் போல்ட்டை அறுப்பது சிலிண்டருக்குள் நடக்கும் வெடிப்பு அல்ல. அந்த அழுத்தம் ராடை கிராங்க் மேல் அமுக்கத்தான் செய்கிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில் உச்சிக்கு வரும் பிஸ்டனைத் தடுத்து நிறுத்த மேலே எதுவும் இருக்காது. அதைப் பிடித்துக் கீழே இழுப்பது கேப்பில் (கிராங்கைச் சுற்றிப் பிடிக்கும் ராடின் கீழ்ப்பாதி மூடி) உள்ள இரண்டு போல்ட்டுகள்தான். இந்த இழுவை வேகத்தின் வர்க்கமாக ஏறும்: 6,000 ஆர்பிஎம்மை 7,500 ஆக்கினால் சுமை 1.56 மடங்கு. ரெவ் லிமிட்டை (எஞ்சின் சுழல விடும் உச்ச வேகம்) உயர்த்தப் போகிறவர்கள் முதலில் கைவைத்து வலுவான போல்ட் போட வேண்டிய இடம் இது.

எஞ்சினைப் பிரித்து ராடுகளை வெளியே எடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ராடிலும் அதன் கேப்பிலும் ஒரே எண் இருக்கட்டும். கேப் மாறினால் எல்லா வேலையும் வீண்.

1. அழுத்திப் பொருத்திய போல்ட் என்றால் பிரஸ்ஸில் வைத்து எடுங்கள், சுத்தியல் வேண்டாம். புதியதைப் பொருத்தியதும் தலைக்கும் ராடுக்கும் நடுவே 0.04 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையக் கூடாது. நுழைந்தால் தலை சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும்.

2. போல்ட்டுகளுக்கு எண் போட்டு, முறுக்குவதற்கு முன் உள்ள நீளத்தை ஸ்ட்ரெச் கேஜில் (போல்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று காட்டும் முள் அளவி) அளந்து தாளில் எழுதுங்கள்.

3. போல்ட்டோடு வந்த லூப்ரிகண்டை மரையிலும், தலை அல்லது நட் உட்காரும் முகத்திலும் தடவுங்கள். எஞ்சின் ஆயில் போட்டால் உராய்வு கூடி, அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கம் குறைந்துவிடும். லாக்டைட் (மரையைப் பூட்டும் பசை) கூடவே கூடாது.

4. பேரிங் இல்லாமல் கேப்பை மாட்டி முறுக்குங்கள்.

பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த நான்காவதில்தான். போல்ட்டோடு வந்த கார்டில் டார்க் 60 நியூட்டன் மீட்டர், நீட்சி 0.14 மி.மீ. என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டார்க் ரெஞ்ச் 60-இல் கிளிக் அடிக்கிறது, ஆனால் கேஜ் முள் 0.10-இல் நிற்கிறது. ரெஞ்ச் பொய் சொல்லவில்லை. புது மரையின் உராய்வு முறுக்கில் பெரும்பங்கைத் தின்றுவிட்டது, அதனால் போல்ட் போதுமான அளவு நீண்டு இறுகவில்லை. தளர்த்தி, மறுபடி லூப்ரிகண்ட் தடவி முறுக்குங்கள். மூன்று முதல் ஐந்து முறை இப்படிச் செய்தால் மரை படிந்து முள் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். என்னைக் கேட்டால், விலை கூடிய டார்க் ரெஞ்சைவிட சாதாரண ரெஞ்சும் நல்ல ஸ்ட்ரெச் கேஜும் மேல்.

5. முறுக்கிய நிலையிலேயே பிக் எண்டை (ராடில் கிராங்கைப் பிடிக்கும் பெரிய வளையம்) போர் கேஜால் (உள்விட்டம் அளக்கும் கருவி) மூன்று திசையில் அளங்கள். வலுவான போல்ட் கூடுதலாக இறுக்குவதால் வட்டம் கோணலாகியிருக்கும். மேனுவல் அனுமதிக்கும் வரம்பு பல எஞ்சின்களில் ஒரு மி.மீ.யில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். அதைத் தாண்டினால் கேப் முகத்தைச் சீவி, உள்வட்டத்தைத் தேய்த்துச் சரிசெய்ய (ஹோன்) பட்டறைக்குக் கொடுங்கள். ஒரே துண்டாகச் செய்து கேப்பை உடைத்துப் பிரித்த வகை ராடில் முகத்தைச் சீவ முடியாது. அதற்கு வெளிவிட்டம் கூடிய பேரிங் கிடைக்கிறதா என்று போல்ட் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

6. பேரிங் போட்டு, ஆயில் இடைவெளியை மைக்ரோமீட்டரும் போர் கேஜும் வைத்துப் பாருங்கள். 50 மி.மீ. ஜர்னலுக்கு (கிராங்கில் ராட் உட்காரும் உருளைப் பகுதி) 0.05 மி.மீ. என்பது பொதுவான கணக்கு. பிளாஸ்டிகேஜை (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) மறு சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

7. ராடை உள்ளே இறக்கும்போது நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனைகளில் ரப்பர் குழாயை மாட்டுங்கள். மரை ஒரே ஒரு முறை உரசினாலும் ஜர்னலில் கோடு விழும். கடைசி முறுக்கலிலும் நீட்சியை அளந்தே நிறுத்துங்கள்.

பின்னர் சேர்த்தது: போல்ட் முனை ராடுக்குள்ளேயே முடியும் வகையில் ஸ்ட்ரெச் கேஜ் எட்டாது. அங்கே தயாரிப்பாளர் சொன்ன டார்க்கும், அதன்பின் திருப்ப வேண்டிய கோணமுமே வழி. எஞ்சினோடு வந்த டார்க்-கோண வகை போல்ட்டுகள் பெரும்பாலும் ஒருமுறைக்கு மட்டுமே. அப்கிரேடு போல்ட்டைக் கழற்றும்போது, இரண்டாம் படியில் எழுதிய தாளை எடுங்கள். முதல் நீளத்தைவிட 0.025 மி.மீ. கூடியிருந்தால் அதைத் திரும்ப மாட்டாதீர்கள்.