டிராக்டர் டயருக்குள் இருப்பது தண்ணீர்தான் என்று நம்பித் திறக்காதீர்கள்

தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் உழவோடு வளர்ந்தவர்களுக்கு டிராக்டரின் பின் டயரில் தண்ணீர் ஏற்றுவது புதிதல்ல. சேற்றில் சக்கரம் வழுக்காமல் இருக்க எடை வேண்டும், அதற்குத் தண்ணீரை விட மலிவானது இல்லை. வேண்டாமென்றால் வால்வைத் திறந்து வயலிலேயே விட்டுவிடலாம். அதே பழக்கத்தில் இங்கே சிங்கப்பூரில், கிராஞ்சியிலோ லிம் சூ காங்கிலோ ஒரு பழைய டிராக்டரின் வால்வில் கை வைப்பதுதான் முதல் தவறு.

குளிர்நாட்டில் ஓடிவிட்டு இங்கே வந்த வண்டியாக இருந்தால் உள்ளே வெறும் தண்ணீர் இல்லாமல் போகலாம். அங்கே தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து ஏற்றுவார்கள். சிலர் ரேடியேட்டருக்கு ஊற்றும் கிளைக்கால், சிலர் மெத்தனால் கலந்த தண்ணீர், சிலர் சர்க்கரை பீட்ரூட் (sugar beet) கிழங்கின் சாறு.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கையுறை போட்டுக்கொண்டு சில சொட்டுகளை ஒரு தகரத்தில் விட்டு நிழலில் வையுங்கள். தண்ணீர் என்றால் காய்ந்துவிடும். கால்சியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் உப்பு. சிங்கப்பூர்க் காற்றில் அது மறுநாள் பார்த்தாலும் ஈரமாகவே இருக்கும். வால்வைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, அந்தப் பொருக்கே கசகசவென்று நனைந்திருந்தாலும் அதே உப்புதான். கிளைக்காலும் காயாது, ஆனால் தொட்டால் வழுக்கும், பெரும்பாலும் சாயம் கலந்திருக்கும். பழுப்பாகப் பிசுபிசுத்தால் கிழங்குச் சாறு. ஸ்பிரிட் வாடை அடித்தால் மெத்தனால், பக்கத்தில் சிகரெட் கூடாது. நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது: கிளைக்கால் இனிக்கும், ஆனால் நஞ்சு.

அடுத்தது, எதில் பிடிப்பது என்று யோசிக்காமலே திறந்துவிடுவது. 13.6-28 அளவு டயரை முக்கால் பங்கு நிரப்பினால் ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். வாளியெல்லாம் போதாது. டயருக்கு ஒரு 200 லிட்டர் பீப்பாய், கழுவிய தண்ணீருக்கு இன்னொன்று என்று முன்பே தயாராக இருக்க வேண்டும்.

பக்கத்திலேயே வடிகால் இருக்கிறதே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். இங்கே மழைநீர் வடிகால் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி, அங்கே விழும் மழை நீர்த்தேக்கங்களுக்குத்தான் போய்ச் சேர்கிறது. நாம் குடிக்கும் தண்ணீர் அது. கழிவுநீர்க் குழாயில் விடுவதற்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அனுமதி வேண்டும். மண்ணில் ஊற்றினால் உப்பு புல்லையும் நாற்றையும் கருக்கிவிடும். பீப்பாயில் பிடித்து, உள்ளே என்ன என்று எழுதி ஒட்டி, உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் கொடுப்பதுதான் வழி. வெறும் தண்ணீராகவே இருந்தாலும் துருவும் அழுக்கும் கலந்ததை வடிகாலில் விடாதீர்கள்.

இனி வேலை. உப்புக் கரைசல் தண்ணீரை விடக் கால் பங்கு கனம், ஆகவே டயருக்குள் மட்டும் 240 கிலோ அளவுக்கு இருக்கும். அதோடு சக்கரத்தைக் கழற்ற நினைப்பது ஆபத்து. சக்கரத்தைத் திருப்ப வண்டியைத் தூக்கும்போதும் மழை பெய்த மண்ணில் ஜாக் புதைந்து சாயும்: அடியில் கனமான பலகை, அச்சுக்கடியில் ஸ்டாண்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை. முதலில் வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி, முகத்தை விலக்கிக்கொண்டு காற்றை மட்டும் இறக்குங்கள். காற்றழுத்தத்தோடு கீழே வைத்துத் திறந்தால் கரைசல் பீய்ச்சியடித்துக் கண்ணில் படும். கண்ணாடி இல்லாமல் இந்த வேலையே வேண்டாம். காற்று இறங்கியபின் வால்வைக் கீழே கொண்டுவந்து உள் ஊசியை எடுங்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒழுக்கு நின்றுவிடும். காலியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே வெற்றிடம் ஏற்பட்டிருக்கும், காற்று புகுந்தால் மறுபடி வரும். அதற்குப் பிறகும் ரிம்முக்குக் கீழே டயரின் வயிற்றில் மிச்சம் தங்கும். வால்வு வழியே மெல்லிய குழாய் விட்டு, கம்ப்ரசரில் குறைந்த காற்று கொடுத்து அதை வெளியே தள்ள வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசுங்கள். உப்பு மிச்சமிருக்கும் ரிம்மைக் காற்றும் ஈரமும் சேர்ந்து வேகமாக அரிக்கும்.

அரித்த ரிம்மைப் பார்த்ததும் வெல்டிங் வைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். டயர் மாட்டியிருக்கும்போது ரிம்மில் நெருப்பு வைக்கவே கூடாது. காற்று இறக்கியிருந்தாலும், ஊசியை எடுத்திருந்தாலும் கூடாது. சூட்டில் உள்ளே ரப்பர் கருகி வாயு கிளம்பி டயர் வெடிக்கும், எதிரில் நிற்பவர் உயிரே போகும். முதலாளி அவசரப்படுத்தினாலும் முடியாது என்று சொல்லுங்கள், டயரை முழுதாகக் கழற்றிய பிறகுதான் வெல்டிங்.

முன்னால் லோடர் மாட்டிய வண்டி என்றால், பின்னால் குறைந்த எடைக்குப் பதில் இரும்பு எடை மாட்டாமல் ஓட்டாதீர்கள். வாளி நிறைய மண்ணைத் தூக்கினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

கழற்றிய பழைய டயரை வெளியில் சாய்த்து வைப்பதும் தவறு. ஒரு மழை போதும், உள்ளே தண்ணீர் தங்கி ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு பறக்கும். டெங்கியும் வரும், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அபராதமும் வரும். கூரைக்கடியில் வையுங்கள். இடமில்லையென்றால் தார்ப்பாயைத் தண்ணீர் தேங்காமல் இழுத்துக் கட்டி, டயர் எடுப்பவரைச் சீக்கிரம் வரச் சொல்லுங்கள்.