ஊர்வனவற்றுக்கு ஊசி மூலம் மயக்கம்: கால்நடை மருத்துவத்தில் புதிதாக இறங்குவோருக்கு

நாய், பூனைக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய கை ஊர்வனவிடம் அவசரப்படும். குளிர்ந்த உடலில் மருந்து மெல்லத்தான் ஏறும். பொறுமையிழந்து இரண்டாவது ஊசி போட்டால், இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது விலங்கு மணிக்கணக்கில் எழாது.

அதனால் முதல் வேலை வெப்பம். அந்த இனத்துக்கு உகந்த சூட்டில் (பலவற்றுக்கு 25 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை) சில மணி நேரம் வைத்திருங்கள். நீர்வற்றிக் கிடந்தால் அதைச் சரிசெய்த பிறகே மயக்கம். இரை விழுங்கிய பாம்பு செரித்து முடிக்கட்டும். குளிரூட்டி அடக்குவது மயக்கமல்ல. அசையாது, ஆனால் வலி தெரியும்.

எடையைக் கிராமில் பாருங்கள். உதாரணமாக, 800 கிராம் எடையுள்ள ஆரோக்கியமான சிவப்புக்காது ஆமை. தசை ஊசியாக, கிலோவுக்கு கெட்டமைன் (மயக்கமருந்து) 10 மி.கி., டெக்ஸ்மெடிடோமிடின் (அமைதிப்படுத்தும் மருந்து) 0.1 மி.கி. என்றால், தேவை 8 மி.கி.யும் 0.08 மி.கி.யும். குப்பிகள் முறையே மில்லிக்கு 50 மி.கி., 0.5 மி.கி. ஆனால் இரண்டிலும் 0.16 மி.லி. கெட்டமைன் மில்லிக்கு 100 மி.கி. குப்பியாகவும் வருகிறது, அப்போது பாதிதான். 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 16-வது கோடு 0.16 மி.லி.; 40 யூனிட் சிரிஞ்சில் அதே கோடு 0.4 மி.லி. லேபிளையும் சிரிஞ்சையும் உரக்கப் படித்துவிட்டு உறிஞ்சுங்கள். பலவீனமான விலங்குக்கு இந்த அளவு அதிகம்.

ஊசி முன்னங்கால் தசையில். பாம்புக்கு உடலின் முன்பாதியில், முதுகெலும்பை ஒட்டிய தசையில். பின்பாதி ரத்தம் சிறுநீரகம், ஈரல் வழியாகப் போவதால், அங்கே போட்ட மருந்தின் வேகம் குறையும்.

அல்ஃபாக்சலோன், புரோபோஃபால் ஆகிய மயக்கமருந்துகள் என்றால் ரத்தநாளத்தில் மெதுவாக, விளைவைப் பார்த்துப் பார்த்து. புரோபோஃபால் தசையில் பலிக்காது. ஆமை ஓட்டின் கீழுள்ள ரத்தக்குழியில் ஊசி ஏற்றும்போது தெளிந்த நீர் வந்தால் செலுத்தாதீர்கள். அது நிணநீராகவோ தண்டுவட நீராகவோ இருக்கலாம்.

மல்லாத்தினால் புரண்டு நிமிர முயலவில்லை, தாடை தளர்ந்துவிட்டது என்றால் மூச்சுக்குழாயில் டியூப் போடலாம். மூச்சுத்துளை நாக்கின் வேர்ப்பகுதியில் கண்ணெதிரே தெரியும். ஆமையின் மூச்சுக்குழாய் சீக்கிரமே இரண்டாகப் பிரியும். டியூப் ஆழமாகப் போனால் ஒரு நுரையீரலுக்கு மட்டுமே காற்று. மூச்சுக்குழாயின் வளையங்கள் முழுவட்டம், விரிந்து கொடுக்காது. ஆகவே பலூன் இல்லாத டியூப்.

தானாக மூச்சு விடும் என்று நம்பாதீர்கள். நிமிடத்துக்கு 2 முதல் 4 முறை, 10 செ.மீ. நீர் அழுத்தத்தைத் தாண்டாமல் நீங்கள் கொடுங்கள். இதயத்துடிப்பைக் கேட்க டாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலியாக்கும் கருவி). ஆமைக்குக் கழுத்துக்கும் முன்னங்காலுக்கும் இடையில் வையுங்கள். துடிப்பு கேட்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது, மூளை இறந்த பிறகும் ஊர்வனவின் இதயம் வெகுநேரம் துடிக்கும். துடிப்பு படிப்படியாகக் குறைகிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

கெட்டமைன் வலியை முழுதாக அடக்காது. அறுவை என்றால் மார்ஃபின் போன்ற வலிமருந்தும் வெட்டும் இடத்தில் மரத்துப்போகச் செய்யும் ஊசியும் சேருங்கள்.

முடிந்ததும், டெக்ஸ்மெடிடோமிடினை முறிக்கும் அட்டிபமிசோல், தசையில்: டெக்ஸ்மெடிடோமிடினின் 10 மடங்கு மி.கி. நம் ஆமைக்கு 0.8 மி.கி.; மில்லிக்கு 5 மி.கி. குப்பியில் அதுவும் 0.16 மி.லி.தான். கெட்டமைனை இது முறிக்காது, அது தானாகத்தான் தெளியும். தெளியும் நேரத்தில் தூய ஆக்சிஜன் வேண்டாம். ஊர்வனவை மூச்சு விடத் தூண்டுவதில் ஆக்சிஜன் குறைவுக்குப் பெரிய பங்குண்டு. ஆம்பு பையால் (கையால் அழுத்தி மூச்சூட்டும் பை) சாதாரணக் காற்று போதும். உகந்த சூட்டிலேயே வையுங்கள். தானாக, ஒழுங்காக மூச்சு விடும்வரை டியூபை எடுக்காதீர்கள். நீர் ஆமையை அன்றே தொட்டியில் விட்டால் மூழ்கிவிடும். தலையைத் தூக்கி நன்றாக நடமாடும்வரை ஈரத்துணிமேல் இருக்கட்டும்.