டியூப் ஆம்பில் இரைச்சலா? டியூபை மாற்றும் முன் கிரவுண்ட் ஒயரைப் பாருங்கள்

போன வாரம் ஒரு தம்பி, தான் கட்டிய டியூப் ஹெட்ஃபோன் ஆம்பை (கண்ணாடி டியூப் வைத்து ஒலி சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) துண்டில் சுற்றி எடுத்து வந்தார். "மூன்று ஜோடி டியூப் மாற்றிவிட்டேன் அண்ணா, இரைச்சல் போகவே மாட்டேன் என்கிறது" என்றார். என் முதல் ஆம்பில் நானும் இதே வழியில்தான் பணத்தைத் தொலைத்தேன். ட்ரை சாலிடர் (சரியாக ஒட்டாத பற்றவைப்பு), ரெசிஸ்டர் மாறிப்போவது எல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் நாம் செய்யும் ஒரு தவறு.

கேட்காமலேயே கழற்றுவது

ஆழமாக, வழவழவென்று "ம்ம்ம்" என்றால் 50 ஹெர்ட்ஸ்: ஹீட்டர் (டியூபுக்குள் சூடேற்றும் இழை) ஒயரோ ட்ரான்ஸ்பார்மரோ காரணமாக இருக்கும். கரகரவென்று வண்டு மாதிரி கேட்டால் 100 ஹெர்ட்ஸ்: பவர் சப்ளையிலிருந்து வருகிறது. வால்யூமை முழுக்கக் குறைத்தும் இரைச்சல் அப்படியே இருந்தால், கோளாறு வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால். இந்த இரண்டும் தெரிந்தாலே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

கிரவுண்டைக் கிடைத்த இடத்தில் சேர்ப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். கிரவுண்ட் என்றால் சர்க்யூட்டின் கரண்ட் திரும்பி வந்து சேரும் பொது இணைப்பு. தம்பியின் ஆம்பைத் திருப்பிப் பார்த்தேன். பிரிட்ஜின் (ஏசியை டிசியாக்கும் டயோடுகள்) நெகட்டிவிலிருந்து ஒரு கறுப்பு ஒயர், கேபிள் டை போட்டு அழகாக ஓடி, இன்புட் சாக்கெட்டின் கிரவுண்டில் முடிந்தது. அந்த டிசியைச் சீராக்கும் முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் நெகட்டிவும் அங்கேதான். சர்க்யூட் படத்தில் எல்லாம் ஒரே கிரவுண்ட் குறி. அதனால் எங்கே சேர்த்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை.

முதல் கெபாசிட்டர் சீராக சார்ஜ் ஆவதில்லை. நொடிக்கு 100 முறை, அலையின் உச்சியில் மட்டும், வெடுக்கென்று கரண்டை இழுக்கும். ஆம்ப் சராசரியாக 40 மில்லி ஆம்பியர்தான் எடுத்தாலும் அந்த உச்சி 300 மில்லி ஆம்பியரைத் தொடலாம். ஒரு சாண் மெல்லிய ஒயருக்கு ஏறக்குறைய 10 மில்லி ஓம் உண்டு. பெருக்கினால் 3 மில்லி வோல்ட். அது இன்புட்டில் பாட்டோடு கலந்து, பத்து மடங்கு பெருகி, 30 மில்லி வோல்ட்டாகக் காதுக்கு வரும். ஸ்பீக்கரில் தப்பித்துவிடலாம், காதோடு ஒட்டிய ஹெட்ஃபோனில் முடியாது.

என் ஆம்பில் 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போதவில்லை என்று 220 போட்டேன். கரகரப்பு கூடியது! கெபாசிட்டர் பெரிதானால் அந்த இழுப்பும் பலமாகும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அப்புறம் வெளிநாட்டிலிருந்து பழைய டியூப் வரவழைத்தேன், சுங்க வரி வேறு. கடைசியில் வேலை முடிந்தது ஒரே ஒரு ஒயரில்.

பிரிட்ஜ் நெகட்டிவ் நேராக முதல் கெபாசிட்டரின் நெகட்டிவ் காலுக்குப் போகட்டும்; அந்த கரண்ட் அங்கேயே சுற்றிக்கொள்ளும். பிறகு, கடைசி ஃபில்டர் கெபாசிட்டரின் காலிலிருந்து மட்டும் சிக்னல் கிரவுண்டை எடுங்கள். சேஸியோடு (ஆம்பின் உலோகப் பெட்டி) ஒரே இடத்தில், இன்புட் பக்கம் சேருங்கள். தம்பியின் ஆம்பில் இதைச் செய்தோம். வால்யூமை முழுக்கத் திருப்பியும் லேசான "ஸ்ஸ்" மட்டும்தான். அவர் கழற்றி வைத்திருந்த மூன்று ஜோடியும் நல்ல டியூப்கள்.

ஹீட்டரை மிதக்க விடுவது

மிதப்பது என்றால் ஹீட்டர் ஒயர் கிரவுண்டோடு சேராமல் நிற்பது. ஹீட்டரின் 6.3 வோல்ட் ஒயர் இரண்டையும் இறுக்கி முறுக்கி, சேஸி மூலையோடு கொண்டுபோங்கள். ட்ரான்ஸ்பார்மரின் ஹீட்டர் சுற்றில் சென்டர் டேப் (நடுவிலிருந்து எடுத்த ஒயர்) இல்லையா? ஒவ்வொரு ஒயரிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை கிரவுண்டுக்குப் போடுங்கள்.

எர்த் ஒயரைக் கழற்றி ஹம்மை நிறுத்துவது

கூடவே கூடாது.

ஆஃப் செய்ததும் கை வைப்பது

கெபாசிட்டரில் 250 வோல்ட் அப்படியே நிற்கும். அதன் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போடுங்கள். 100 மைக்ரோஃபாரட் என்றால் ஒன்றரை நிமிடத்தில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். மீட்டரின் கறுப்பு முனையை சேஸியில் கிளிப் போட்டு மாட்டி, ஒரே கையால் அளந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள்.