பசியை அறிந்து உண்ணப் பழகுவது எப்படி?

உணவுப் பழக்கத்தைத் திருத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் எதை விடுவது என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். பசியை அடையாளம் காண்பதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். விலக்கிய பண்டம் தட்டிலிருந்து போகுமே தவிர, மனத்திலிருந்து போகாது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை வைத்துத் தொடங்கிய பட்டினி ஆய்வில், ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிறு உண்டவர்கள் சமையல் நூல்களைத் தேடித் தேடி வாசித்தார்கள். கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் சிலர், வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் தவித்தார்கள்.

ஆகவே முதல் வாரத்தில் எதையும் குறைக்க வேண்டாம். உண்ண அமரும்முன், கேட்பது வயிறா வாயா என்று மட்டும் கவனியுங்கள். வயிற்றுப்பசிக்கு இட்லியானாலும் கஞ்சியானாலும் போதும்; வாய் மிக்சரைத்தான் கேட்கும். மன உளைச்சலோடு வீடு திரும்பிய மாலையில் மிக்சர் வேண்டியிருந்தால் உண்ணலாம், அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் டப்பாவிலிருந்தே அள்ளாமல், ஒரு கிண்ணத்தில் போட்டு, உட்கார்ந்து உண்ணுங்கள். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பசிக்காகக் காத்திருந்து உணவு நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. உண்டபின் வாந்தியெடுக்கத் தோன்றுபவர்கள் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஒரு வேளை உணவையாவது கைபேசியும் தொலைக்காட்சியும் இல்லாமல் உண்ணுங்கள். சூடான சோற்றில் பருப்பையும் நெய்யையும் விட்டுப் பிசையும்போது சூட்டை நாக்குக்கு முன்பே விரல் அறிகிறது, நெய் உருகும் மணம் எழுகிறது, எவ்வளவு பெரிய கவளம் என்பதைக் கை தீர்மானிக்கிறது. திரையைப் பார்த்தபடி விழுங்குபவருக்கு இவற்றில் ஒன்றும் எட்டுவதில்லை. உணவு இறங்கியதும் குடலில் சுரக்கும் இயக்குநீர்கள் நிறைவை மூளைக்கு உணர்த்த ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும் என்பதால், பத்து நிமிடத்தில் உண்டு முடிப்பவருக்குப் போதும் என்ற உணர்வு பிந்தியே வருகிறது. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோறு வாங்கும் நம் வழக்கத்தில் இதற்கு நல்ல வசதி இருக்கிறது: மொத்தச் சோற்றையும் முதலிலேயே போட்டுக்கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் சற்று நிறுத்தி, இன்னும் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். ரசத்தோடு போதுமென்று தோன்றினால் மோரை டம்ளரில் குடித்து எழுந்துவிடலாம்.

இவ்வளவும் வீட்டில் கடைசியாக உண்ணும் பெண்ணுக்குப் பொருந்துவது கடினம். பசி தாண்டிய பிறகு, பிள்ளைகள் மீதம் வைத்த தோசையையும் சட்டியில் ஒட்டிய கூட்டையும் வீணாகிறதே என்று உண்பவருக்குத் தன் அளவு எப்படித் தெரியும்? எல்லோருக்கும் பரிமாறும்போதே அவருக்கும் ஒரு தட்டு வைத்து, சேர்ந்து அமருங்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறாகும். அன்றிரவே அவர் அதை உண்டு தீர்க்க வேண்டியதில்லை.