மும்பைக் கழிமுகத்தில் அலையாத்திக் காட்டைப் பார்த்துப் பழகுவதும் பதிவு செய்வதும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று மும்பையில் தமிழர்கள் திரளாக வாழும் பகுதிகளில் பெரும்பாலானவற்றிலிருந்து மித்தி ஆற்றின் கரையோ தாணே கழியின் கரையோ அதிகத் தொலைவில் இல்லை. இருந்தும் ரயில் பாலத்தைக் கடக்கும்போது சன்னல் வழியே தெரியும் பசும்பரப்பை வெறும் புதர் என்று எண்ணிக் கடந்துவிடுவோர் நம்மில் மிகுதி. உவர்நீர்ச் சேற்றில் வளரும் அந்த அலையாத்திக் காட்டை (மாங்குரோவ்) இனங்கண்டு, அதிலுள்ள உயிர்களை அறிந்து, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து, தேவைப்படும்போது உரிய அலுவலகத்தில் முறையிடுவது வரையிலான வேலையை, முன்னனுபவம் சிறிதும் இல்லாத ஒருவர் செய்யத்தக்க வகையில் இங்கே விளக்குகிறேன். மரக்கன்று நடுவதைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன். அதற்கான காரணம் அந்த இடத்தில் விளங்கும்.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல்முறை செல்வோருக்கு ஐரோலியில் உள்ள கடலோர, கடல்சார் பல்லுயிர் மையம் மிகவும் ஏற்றது. தாணேயிலிருந்து வாஷி செல்லும் ரயிலில் ஐரோலியில் இறங்கி ஆட்டோவில் போகலாம். மாநில வனத்துறையின் அலையாத்திப் பிரிவு நடத்தும் மையம் என்பதால், கட்டணம் செலுத்தி உரிய அனுமதியோடு உள்ளே சென்று, சேற்றில் கால் வைக்காமலே மரங்களைப் பக்கத்தில் பார்க்கலாம். பருவ காலத்தில் பூநாரைகளைக் காணப் படகுச் சவாரியும் உண்டு. சுமார் 1,690 ஹெக்டேர் பரப்புள்ள தாணே கழிமுகப் பகுதி 2015-ஆம் ஆண்டு பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

தாராவியில் வசிப்பவர்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தாராவி பஸ் டிப்போவுக்கு எதிரே, மித்தி ஆற்றங்கரையில், ஒரு காலத்தில் குப்பைமேடாக இருந்த நிலத்தில் உருவாக்கப்பட்ட மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. அதன் ஆற்றோர விளிம்பில் அலையாத்தி மரங்களைப் பார்க்கலாம். பறவைகளுக்காக மட்டும் செல்பவர்களுக்கு ஹார்பர் ரயில் தடத்தில் உள்ள சிவ்ரி ஏற்றது. எந்த இடமானாலும் மாதந்தோறும் சிரமமின்றிப் போய்வரக் கூடியதாக இருக்க வேண்டும். அழகான இடம் தொலைவிலும் சாதாரணமான இடம் அருகிலும் இருந்தால், தயங்காமல் அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: ஓத நேரத்தைப் பாருங்கள்

கடிகாரத்தை மட்டும் பார்த்துக் கிளம்புவோர் பெரும்பாலும் ஏமாந்து திரும்புவார்கள். மும்பைக் கரையில் நாளொன்றுக்கு இருமுறை கடல்நீர் ஏறி இருமுறை வற்றுகிறது; இதுவே ஓதம். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும். ஓத அட்டவணையில் ஏற்றம் 4.5 மீட்டருக்கு மேல் என்று காட்டும் நாட்களில், அதிலும் மழைக்காலத்தில், கரைக்குச் செல்வதைத் தவிர்த்துவிடுங்கள். கரையோரக் கோலி மீனவர்களிடம் விசாரிப்பதானால் ஏற்றத்தைப் ‘பரதி’ என்றும் வற்றத்தை ‘ஓஹோட்டி’ என்றும் குறிப்பிட்டுக் கேளுங்கள். அவர்கள் தரும் பதில் மொபைல் செயலியைவிட அந்த இடத்துக்குப் பொருத்தமாக இருக்கும்.

வேர்களையும் நண்டுகளையும் பார்க்க விரும்பினால் நீர் வற்றிய வேளையில் செல்லுங்கள். பூநாரைகளைப் பார்க்க அந்த வேளை உதவாது. முழுமையாக வற்றும்போது சேற்றுவெளி வெகுதூரம் திறந்துகொள்வதால் பறவைகள் எட்டத்தில் புள்ளிகளாகவே தெரியும். நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது, உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, அவை கரையை நோக்கி நெருங்கி வரும்.

பழைய மூடிய காலணி, தொப்பி, குடிநீர், ஒரு குறிப்பேடு, பென்சில், இருப்பிடத்தைக் காட்டும் வசதியுள்ள மொபைல் ஆகியவை போதும். தொலைநோக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் முதல் சில மாதங்களுக்கு வேலை நிற்காது.

படி 3: வேரிலிருந்து தொடங்குங்கள்

நிலத்து மரங்களை இலையைக் கொண்டு இனங்காண்பது நம் வழக்கம். இங்கே வேரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கழிச்சேற்றில் சில அங்குலங்களுக்குக் கீழே பிராணவாயு கிட்டத்தட்ட இருக்காது என்பதால், இம்மரங்கள் வேரின் ஒரு பகுதியைச் சேற்றுக்கு வெளியே அனுப்பி, அதிலுள்ள நுண்துளைகள் வழியாகக் காற்றை இழுத்துக்கொள்கின்றன. இந்த மூச்சுவேர் எந்த வடிவில் இருக்கிறது என்பதே இனத்தைக் காட்டிக் கொடுக்கும் முதல் அடையாளம்.

பென்சில்களை வரிசையாக நட்டு வைத்ததுபோல் மெல்லிய குச்சிகள் சேற்றிலிருந்து நிமிர்ந்து நின்றால், அது வெண்கண்டல். இலையின் அடிப்பக்கம் சாம்பல் கலந்த வெண்மையாக இருக்கும். உலர்ந்த நாளில் இலையின் மேல் உப்புப் படிகங்களைக் காணலாம். உப்பை இலை வழியே வெளியேற்றும் திறனும் மாசைத் தாங்கும் வலிமையும் இருப்பதால் மும்பைக் கரைகளில் மிகுதியாக நிற்பது இந்த மரமே. மராத்தியில் இதைத் ‘திவர்’ என்கிறார்கள். முதல் சில மாதங்களில் நீங்கள் பார்க்கும் மரங்களில் பெரும்பகுதி இதுவாகவே இருக்கும் என்பதால், இதை ஐயமற அறிந்துகொண்டால் மற்றவை தாமாகவே வேறுபட்டுத் தெரியும்.

மூச்சுவேர் கூம்பு வடிவில், அடி தடித்து, நுனி குறுகி இருந்தால் அது சொன்னரேஷியா வகை. இவ்வகையைச் சேர்ந்த சொன்னரேஷியா ஆல்பா என்னும் இனத்தை 2020-ஆம் ஆண்டு மகாராஷ்டிரா தன் மாநில அலையாத்தி மரமாக அறிவித்தது. வெண்ணிற மகரந்தத் தாள்கள் அடர்ந்த அதன் பூ இரவில் மலர்வது. வௌவால்களும் அந்துப்பூச்சிகளும் அதில் மகரந்தச் சேர்க்கை செய்கின்றன. வில்லாக வளைந்த முட்டுவேர்கள் தண்டிலிருந்து இறங்கிச் சேற்றில் ஊன்றியிருந்தால் அது பிச்சாவரத்தில் நாம் பார்த்திருக்கும் சுரபுன்னை. அதன் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்ட காய்போல் வளர்ந்த பிறகுதான் கீழே விழும். மும்பையில் இதை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

தில்லை மரத்தைப் பற்றிச் சற்று எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். சிதம்பரத்தின் தலமரம் என்று நாம் பெயரளவில் அறிந்த அந்த மரம் இந்தக் கரையிலும் வளர்கிறது. அதற்குத் தனித்த மூச்சுவேர் கிடையாது. உதிரும் முன் சிவந்துபோகும் இலைகளைக் கொண்டு அடையாளம் காணலாம். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சலும் தற்காலிகப் பார்வையிழப்பும் ஏற்படக்கூடும். ஆகவே இனங்காணும் ஆர்வத்தில் எந்தக் கிளையையும் ஒடித்துப் பார்க்காதீர்கள். குழந்தைகளை அழைத்துச் சென்றால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மர வரிசைக்குக் கீழே, முள்விளிம்பு இலையும் நீலமும் ஊதாவும் கலந்த பூவுமாக நிற்பது கழுதைமுள்ளி. சற்று மேடான உவர்நிலத்தில் படர்ந்திருக்கும் சதைப்பற்றுள்ள சிறு இலைச்செடிகளுள் ஒன்று உமரி.

படி 4: அசையாமல் நின்று உயிர்களைப் பாருங்கள்

கரையில் கால் பட்டதும் சேற்றுவெளி வெறுமையாகிவிடும், ஏனெனில் அதிர்வை உணர்ந்த நண்டுகள் வளைக்குள் போய்விடும். பத்து நிமிடம் ஒரே இடத்தில் அசையாது நின்றால் அவை மீண்டும் வெளிவரும். ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரிதாக இருந்து அதை மேலும் கீழும் அசைக்கும் சிறு நண்டு ஆண். பெண் நண்டுக்கு இரு கொடுக்குகளும் சிறியவை. இவை தோண்டும் வளைகள் வழியாகவே சேற்றுக்குள் காற்றும் நீரும் இறங்குகின்றன என்பதால், நண்டு வளைகள் அடர்ந்திருப்பது அந்தக் கரை நலமாக இருப்பதைக் காட்டும் நல்ல அறிகுறி. அவற்றுக்கிடையே மார்புத் துடுப்புகளை ஊன்றித் தத்திச் செல்லும் மீனைக் கோலிகள் ‘நிவ்டி’ என்கிறார்கள். உடல் ஈரமாக இருக்கும் வரை தோல் வழியாகவும் வாயின் உட்சவ்வு வழியாகவும் அது சுவாசிக்கிறது.

பூநாரைகளில் இரண்டு வகை இங்கே வருகின்றன. வெளிர்ந்த உடலும், நுனி மட்டும் கறுத்த இளஞ்சிவப்பு அலகும், நல்ல உயரமும் உடையது பெரிய பூநாரை. உருவில் சிறியதாய், இன்னும் அழுத்தமான சிவப்போடு, அலகு முழுவதும் கருஞ்சிவப்பாக இருப்பது சிறிய பூநாரை. கூட்டத்தில் மிகுதியாக இருப்பது பெரும்பாலும் இதுவே. சிறிய பூநாரை நீலப்பச்சைப் பாசியையும் நுண்பாசிகளையும் அலகால் வடித்து உண்பது. பெரியது சிறு இறால் இனங்களையும் புழுக்களையும் சேர்த்து உண்பது. குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில் இனப்பெருக்கம் செய்யும் பறவைகள் நவம்பர், டிசம்பர் வாக்கில் இங்கு வந்து, மே மாதம் வரை தங்குகின்றன. கூட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் தெரிபவை இளம்பறவைகள். அவற்றைத் தனியே எண்ணிக் குறித்தால் பதிவின் மதிப்பு கூடும்.

பவளக்காலி, உள்ளான் வகைகள், மீன்கொத்தி, பூனைப்பருந்து என்று மற்றவை தொடரும். எல்லாவற்றையும் முதல் நாளே பெயரிட முயல வேண்டாம்.

கழியோரக் காடுகளில் நரிகளும் வாழ்கின்றன. கண்டால் விலகி நின்று பாருங்கள். உணவு வைக்கவோ பின்தொடரவோ கூடாது. செம்பூர்ப் பக்கத்தில் 2024-ஆம் ஆண்டு இறந்து கிடந்த நரிகளுக்கு வெறிநோய் இருந்தது உறுதியானது. தள்ளாடும் நிலையில் அல்லது காயத்துடன் ஒரு விலங்கைக் கண்டால் மகாராஷ்டிரா வனத்துறையின் 1926 என்ற உதவி எண்ணை அழைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: ஒரே புள்ளியிலிருந்து பதிவு செய்யுங்கள்

இந்த விளக்கத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தப் படியைத்தான். கரைமேட்டில் மாறாத ஓர் அடையாளத்தை, ஒரு மதகையோ மின்கம்பத்தையோ, தேர்ந்தெடுத்து அதன் அருகில் நின்று ஒவ்வொரு மாதமும் அதே திசையில், அதே உயரத்தில் படம் எடுங்கள். படத்தில் நாள், நேரம், இருப்பிடம் ஆகியவை பதிவாகட்டும். பிறகு குறிப்பேட்டில் இவற்றை எழுதுங்கள்: ஓத நிலை, கண்ணில் பட்ட மர இனங்கள், மூச்சுவேர்கள் திறந்திருக்கின்றனவா அல்லது பிளாஸ்டிக்காலும் மண்ணாலும் மூடப்பட்டிருக்கின்றனவா, இலைகள் பச்சையா மஞ்சளா, மதகின் வழியே நீர் போய்வருகிறதா.

கடைசிக் கேள்வியை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இந்த மாநகரில் அலையாத்தி மரங்களைக் கோடரி மட்டும் கொல்வதில்லை. மும்பைக்காரர்கள் ‘டெப்ரீஸ்’ என்று சொல்லும் கட்டட இடிபாடுகளைக் கரையில் கொட்டி ஓதநீர் நுழையும் வாயை அடைத்துவிட்டால், ஒரு மரத்தைக்கூட வெட்டாமலே அடுத்த சில பருவங்களில் ஒரு தோப்பு முழுவதும் நின்ற நிலையில் பட்டுப்போகும். அதன் பிறகு வந்து பார்ப்பவருக்கு அங்கே காய்ந்த நிலம்தான் தெரியும்; காடு இருந்ததற்கான சான்று உங்கள் மாதப் படங்களில் மட்டுமே இருக்கும். பறவை எண்ணிக்கையை ஈபேர்ட் தளத்திலும், தாவரங்கள், நண்டுகளின் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் ஏற்றிவைத்தால், இனங்காண்பதில் ஐயம் இருக்குமிடத்தில் அனுபவசாலிகள் உதவுவார்கள்.

படி 6: முறையீடு எழுதுங்கள்

சட்டம் இங்கே தெளிவாகவே உங்கள் பக்கம் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி அலையாத்திக் காடு மிக உயர்ந்த பாதுகாப்புள்ள வகையில் அடங்கும். மும்பை உயர் நீதிமன்றம் 2005-இல் இடைக்கால உத்தரவாகவும், 2018 செப்டம்பரில் இறுதித் தீர்ப்பாகவும், மாநிலம் முழுவதும் அலையாத்தி அழிப்புக்குத் தடை விதித்ததோடு, காட்டைச் சுற்றி 50 மீட்டர் வரையிலான நிலத்தில் கட்டுமானம் கூடாது என்றும் கூறியது. அரசு நிலமா தனியார் நிலமா என்ற வேறுபாடு இதில் இல்லை. “தனியார் இடம், கேட்க முடியாது” என்று யாராவது சொன்னால் மனந்தளர வேண்டாம்.

முறையீட்டில் கோபத்துக்கு இடம் தராமல் விவரத்துக்கு இடம் தாருங்கள். எந்த நாள், எந்த நேரம், இருப்பிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, என்ன நடக்கிறது (கொட்டுதல், மண் நிரப்புதல், மதகு அடைத்தல், வெட்டுதல்), முந்தைய மாதத்துப் படமும் இன்றைய படமும் ஆகியவை ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். வண்டியின் எண் தொலைவிலிருந்தே தெரிந்தால் எழுதுங்கள். அதற்காக நெருங்கிப் போவதும் ஆட்களோடு வாதிடுவதும் வேண்டாம். வனத்துறையின் அலையாத்திப் பிரிவுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். சிவ்ரி மும்பை நகர மாவட்டத்திலும், விக்ரோலி, பாண்டுப் ஆகியவை மும்பை புறநகர் மாவட்டத்திலும், எதிர்க்கரையில் ஐரோலி தாணே மாவட்டத்திலும் அடங்குகின்றன. மாவட்டத்தை மாற்றி அனுப்பினால் கடிதம் மேசை மேசையாக அலையும். மராத்தியில் எழுத அக்கம்பக்கத்தில் படிக்கும் பிள்ளைகளின் உதவியைக் கேட்கலாம். பெற்றுக்கொண்டதற்கான எண்ணை வாங்கி வைத்து, அடுத்த மாதப் படத்துடன் அதே எண்ணைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதுங்கள்.

படி 7: கன்று நடுவதற்கு முன்

இதுவரை சொன்னவற்றைச் சில மாதங்கள் செய்தபின் உங்களுக்கே ஒன்று புலப்படும். மரமில்லாத சேற்றுவெளி வெற்றிடம் அல்ல. நண்டும் நிவ்டியும் பூநாரையும் வாழ்வது அங்கேதான். அந்த வெளியில் கன்றுகளை நெருக்கி நட்டால், வேர்கள் பரவிச் சேறு மேடாகி, பறவைகள் இரை தேடும் நிலம் சுருங்கிவிடும். அடைபட்ட மதகைத் திறந்து ஓதநீரை மீண்டும் உள்ளே வரவிட்டால், மிதந்து வரும் வெண்கண்டல் விதைகள் தமக்கேற்ற இடத்தில் தாமே ஊன்றிக்கொள்வதும் உண்டு. ஆகவே நடும் நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தால், அது வனத்துறையின் மேற்பார்வையில் நடக்கிறதா, அந்த இடத்தில் முன்பு அலையாத்தி மரங்கள் இருந்தனவா, எந்த இனத்தை நடுகிறார்கள், ஓதநீர் அங்கே வந்துபோகிறதா என்று கேளுங்கள். பறவைகள் மேயும் சேற்றுவெளியில் நடப்போவதாகச் சொன்னால் மறுத்துவிட்டு, அன்றைய தினம் வேர்களின் மேல் சிக்கிய பிளாஸ்டிக்கைக் கரைமேட்டிலிருந்து எட்டும் தூரம் வரை அகற்றும் பணிக்கு, அனுமதி பெற்று நடத்தும் குழுவோடு செல்லுங்கள்.